பாலம் இடிந்தால் குற்றவாளி யார்?

(கட்டுமானத் தொழிலாளர்களும் பொறியாளர்களும் பங்கேற்ற கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

2022 அக்டோபர் 30 அன்று மாலை, குஜராத் மாநிலம் மோர்பி நகரில் மச்சு ஆற்றின் மீதிருந்த தொங்கு பாலம் அறுந்து விழுந்தது. 135 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மறுநாளே காவல்துறை ஒன்பது பேரைக் கைது செய்தது. அந்த ஒன்பது பேர் யார் என்று பார்த்தாலே இந்நாட்டில் குற்றவியல் சட்டம் எவ்வாறு இயங்குகிறது என்பது விளங்கும். இருவர் மேலாளர்கள். இருவர் பழுதுபார்ப்புப் பணியைத் துணை ஒப்பந்தமாக எடுத்துச் செய்தவர்கள். இருவர் நுழைவுச்சீட்டு விற்றவர்கள். மூவர் காவலாளிகள்.

பாலத்தை 15 ஆண்டுகளுக்குப் பராமரிக்கும் உரிமையை 2022 மார்ச்சில் மோர்பி நகராட்சியிடமிருந்து பெற்றது, கடிகாரத் தயாரிப்பில் பெயர்பெற்ற ஒரேவா குழுமம். ஒப்பந்தப்புள்ளி கோராமலேயே இந்த உரிமை எப்படி வழங்கப்பட்டது என்று குஜராத் உயர்நீதிமன்றம் பின்னர் கேள்வி எழுப்பியது. பல மாதப் பழுதுபார்ப்புக்குப் பின், அக்டோபர் 26 அன்று, குஜராத்திப் புத்தாண்டு நாளில், பாலம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நான்கு நாட்களில் விழுந்தது.

சிறப்புப் புலனாய்வுக் குழு கண்டறிந்தவை எவை? பாலத்தைத் தாங்கிய முதன்மை வடம் ஒன்றில் 49 கம்பிகள் இருந்தன. அவற்றில் 22 கம்பிகள் விபத்துக்கு முன்பே துருப்பிடித்திருந்தன. பழைய தொங்குகம்பிகளை மாற்றாமல் அவற்றோடு புதியவற்றைப் பற்றவைத்திருந்தார்கள். மரப்பலகைத் தளத்தை எடுத்துவிட்டு அலுமினியத் தளம் போட்டதால் பாலத்தின் எடை கூடியது. பணியைத் தொடங்கும் முன் தகுதிவாய்ந்த தொழில்நுட்ப வல்லுநரின் ஆலோசனை பெறப்படவில்லை. திறப்பதற்கு முன் சுமைச் சோதனை நடத்தப்படவில்லை. விபத்து நாளில் 3,165 நுழைவுச்சீட்டுகள் வழங்கப்பட்டிருந்தன.

இத்தனைக்கும் முடிவெடுத்தவர் நுழைவுச்சீட்டு விற்ற தொழிலாளி அல்லர். ஆனால் முதலில் சிறைக்குச் சென்றவர் அவர். முதல் தகவல் அறிக்கையில் நிறுவனத்தின் பெயரும் இல்லை, நகராட்சி அதிகாரிகளின் பெயரும் இல்லை. நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் நீதிமன்றத்தில் சரணடைந்தது மூன்று மாதங்கள் கழித்து, 2023 ஜனவரி 31 அன்று. 2024 மார்ச்சில் அவருக்குப் பிணை கிடைத்தது.

கட்டுமானத் தோல்விகளுக்குப் பொறியாளர்கள் குற்றவியல் பொறுப்பு ஏற்க வேண்டுமா என்ற விவாதம் ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் எழுகிறது. ஏற்கத்தான் வேண்டும் என்பதில் உழைக்கும் மக்களுக்கு ஐயமில்லை. இடிபாடுகளுக்கு அடியில் சாகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். ஆனால் அந்தப் பொறுப்பு எதுவரை செல்ல வேண்டும், எங்கே வந்து நின்றுவிடுகிறது என்பதே உண்மையான கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில் 1870இல் சேர்க்கப்பட்டது 304-ஏ பிரிவு. கண்மூடித்தனமான அல்லது கவனக்குறைவான செயலால் மரணம் விளைவித்தவருக்கு அதிகபட்சம் இரண்டாண்டு சிறை, அல்லது அபராதம் என்று அது கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 106ஆம் பிரிவு. தண்டனை ஐந்தாண்டு வரை உயர்த்தப்பட்டுள்ளது. பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது இழைக்கும் கவனக்குறைவுக்கு மட்டும் உச்சவரம்பு இரண்டாண்டு. பொறியாளருக்கு அத்தகைய தனி ஏற்பாடு கிடையாது. பேருந்து ஓட்டுநருக்கும் பாலம் வடிவமைப்பவருக்கும் ஒரே பிரிவு.

இதற்கு மேல் ஒரு படி உண்டு. இன்னது செய்தால் மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே செய்வது, கொலையாகாத மரணம் விளைவிக்கும் குற்றம். பழைய சட்டத்தில் 304ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 105ஆம் பிரிவு. இதற்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். கட்டுமான வழக்குகளில் சட்டப்போராட்டம் முழுவதும் இந்த இரண்டு பிரிவுகளுக்கும் இடையில்தான் நடக்கிறது. ‘கவனக்குறைவு’ என்று குறைத்துக்காட்டுவதா, ‘அறிந்தே செய்தது’ என்று நிறுவுவதா?

நீதிமன்றங்கள் காலங்காலமாக எந்தப் பக்கம் சாய்ந்தன என்பதற்கு இரண்டு முன்னுதாரணங்கள் போதும். 1962இல் பம்பாயில் ஒரு சாயத் தொழிற்சாலையில் தீப்பிடித்து ஏழு தொழிலாளர்கள் மாண்டனர். உரிமமின்றி, எரியும் அடுப்புகளின் அருகே, தீப்பற்றும் பொருள்களை வைத்துத் தொழில் நடத்தியவர் நிறுவனத்தின் பங்குதாரரும் மேலாளருமானவர். பின்னர் உச்சநீதிமன்றம் 304-ஏ பிரிவின் கீழான அவருடைய தண்டனையை நீக்கியது. மரணத்துக்கு நேரடியான, உடனடியான காரணம் டர்பன்டைன் ஊற்றிய தொழிலாளியின் செயலே என்பது தீர்ப்பின் சாரம். தீ தொடர்பான வேறொரு சிறிய பிரிவில் மட்டும் அவர் குற்றவாளியானார். உடனடிக் காரணத்தை மட்டுமே தேடும் சட்டத்தின் கண்ணுக்கு, கடைசியாகப் பொருளைத் தொட்ட கைதான் தெரியும். அந்தத் தொழிலாளியை அந்த நிலையில் நிறுத்திய முடிவு தெரியாது.

இரண்டாவது, போபால். 1984 டிசம்பர் 2-3 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையின் நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. இந்திய நிர்வாகிகள் மீதிருந்த கொலையாகாத மரணக் குற்றச்சாட்டை 1996இல் உச்சநீதிமன்றம் கவனக்குறைவாகக் குறைத்தது. 26 ஆண்டுகள் கழித்து, 2010 ஜூன் 7 அன்று, ஏழு பேருக்குக் கிடைத்தது இரண்டாண்டு சிறைத்தண்டனை.

தவறும் குற்றமும்

பொறியியல் என்பது மனித அறிவின் எல்லையில் நடக்கும் பணி. மண்ணின் தன்மை, வெள்ளத்தின் வேகம், நிலநடுக்கத்தின் வலிமை எல்லாவற்றையும் முழுமையாகக் கணிக்க இயலாது. விதிநூல்களைப் பின்பற்றி, உரிய சோதனைகளை நடத்தி, நேர்மையாகச் செய்த வடிவமைப்பு எதிர்பாராத காரணத்தால் தோற்றால், அதைக் குற்றம் என்று கூறுவது அநீதி. மருத்துவர்கள் தொடர்பான ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்சநீதிமன்றம் இதே கோட்டைத்தான் வரைந்தது. சாதாரணத் தவறு வேறு. குற்றமாவதற்குக் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். மருத்துவர் மீது வழக்குத் தொடரும் முன், அத்துறை சார்ந்த, சார்பற்ற மற்றொரு மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும் என்றும் அது கூறியது.

ஆனால் இந்நாட்டின் கட்டுமான விபத்துகளில் எத்தனை, அறிவின் எல்லையில் நேர்ந்தவை? பணித்தளங்களில் வேலை செய்யும் எந்தத் தொழிலாளிக்கும் விடை தெரியும். கான்கிரீட் உத்தரத்தின் நீளம் 6 மீட்டருக்கு மேல் என்றால் சாதாரணமாக 21 நாட்கள் கழித்தே அதன் முட்டுகளை எடுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 456ஆம் விதிநூல். 4.5 மீட்டருக்கு மேற்பட்ட தளத்துக்கு 14 நாட்கள். சென்ட்ரிங் பொருள்களை அடுத்த மாடிக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற அவசரத்தில் இந்த நாட்கள் குறைக்கப்படுகின்றன. கான்கிரீட் கனசதுர மாதிரிகளை 28ஆம் நாள் நசுக்கிப் பார்த்து வலிமையை அளக்க வேண்டும். சோதனை நடக்காமலேயே பதிவேட்டில் எண்கள் எழுதப்படுவதும் உண்டு. பாலங்களை எப்படி ஆய்வு செய்வது, எப்படிச் சுமைச் சோதனை நடத்துவது என்பதற்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் தனித்தனி வழிகாட்டி நூல்களை வெளியிட்டிருக்கிறது. அவை அலமாரியில் உறங்குகின்றன.

இவை எவையும் அறியாமையால் நேர்வன அல்ல. சோதனை செய்யாமல் ‘சோதிக்கப்பட்டது’ என்று கையெழுத்திடும் பொறியாளர் தாம் என்ன செய்கிறார் என்பதை அறிவார். அவர் மீது வழக்குத் தொடர்வதைத் தொழில்முறைச் சுதந்திரத்தின் மீதான தாக்குதல் என்று கூறி எந்தச் சங்கமும் எதிர்க்கக் கூடாது. மருத்துவர்களுக்கு உள்ளது போன்ற விலக்கு பொறியாளர்களுக்கும் வேண்டும் என்ற வாதத்தில், சார்பற்ற வல்லுநரின் கருத்தைப் பெற்ற பிறகே வழக்கு என்னும் பகுதி மட்டும் நியாயமானது. பொய்ச் சான்றுக்குக் கவசம் தேடும் பகுதி நியாயமற்றது.

கையெழுத்திடுபவரும் முடிவெடுப்பவரும்

2024 ஜூன் 18 அன்று பீகாரின் அராரியா மாவட்டத்தில், பக்ரா நதியின் மீது கட்டப்பட்ட பாலம் திறப்புவிழாவுக்கு முன்பே இடிந்தது. அடுத்த மூன்று வாரங்களுக்குள் சிவான், சரண், கிழக்குச் சம்பாரண், கிஷன்கஞ்ச் என்று பத்துக்கும் மேற்பட்ட பாலங்கள் சரிந்தன. மாநில அரசு பத்துக்கும் மேற்பட்ட பொறியாளர்களைப் பணியிடை நீக்கம் செய்தது. ஆற்றில் தூர்வாரும்போது பழைய பாலங்களின் அடித்தளத்தைப் பாதுகாக்க அவர்கள் நடவடிக்கை எடுக்கவில்லை என்பது அரசு கூறிய காரணம்.

அந்தப் பொறியாளர்கள் கடமை தவறியிருக்கலாம். அது விசாரிக்கப்பட வேண்டும். ஆனால் அதே பீகாரில் கங்கையின் மீது கட்டப்படும் அகுவானி–சுல்தான்கஞ்ச் பாலம், 1,710 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டம், 2022 ஏப்ரல், 2023 ஜூன், 2024 ஆகஸ்ட் என மூன்று முறை இடிந்தது. ஒரே பாலம் மூன்று முறை இடிவது ஓர் இளநிலைப் பொறியாளரின் மறதியால் நிகழ்வதல்ல. யாருக்கு ஒப்பந்தம், எந்த வடிவமைப்பு, எந்தக் கெடு, யார் மேற்பார்வை என்ற முடிவுகள் அனைத்தும் அவருக்கு மேலே எடுக்கப்படுகின்றன.

2025 ஜூலை 9 அன்று குஜராத்தில் வதோதராவையும் ஆனந்தையும் இணைத்த கம்பீரா பாலம் முறிந்து வாகனங்கள் மஹி ஆற்றில் விழுந்தன. 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1985இல் கட்டப்பட்ட அந்தப் பாலத்தின் ஆபத்தான நிலை குறித்து 2022இலேயே அப்பகுதியின் மாவட்டப் பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் எழுத்துமூலம் எச்சரித்திருந்தார். புதிய பாலம் கட்டுவதற்கான பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே பழைய பாலத்தின் மீது கனரக வாகனங்கள் ஓடிக்கொண்டிருந்தன. விபத்து நடந்த மறுநாள் நான்கு பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். பாலத்தை மூடாமல் வைத்திருந்த முடிவுக்கு அந்த நால்வர் மட்டுமே பொறுப்பா?

பணியிடை நீக்கம் என்பது தண்டனையும் அல்ல, விசாரணையும் அல்ல. மக்களின் கோபம் தணியும்வரை ஆட்சியாளர்கள் தங்களுக்கு வாங்கிக்கொள்ளும் கால அவகாசம் அது.

தாராளமயக் கொள்கை இந்தப் பிளவை ஆழப்படுத்தியது. பொதுப்பணித் துறைகளின் சொந்த வடிவமைப்பு, தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகள் நலிவுற்றன. வடிவமைப்பு ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்துக்கு, கட்டுமானம் ஒரு பெருநிறுவனத்துக்கு, அதன் பகுதிகள் துணை ஒப்பந்ததாரர்களுக்கு, மேற்பார்வை மற்றொரு ஆலோசனை நிறுவனத்துக்கு என்று வேலை துண்டாடப்பட்டது. கட்டி, இயக்கி, ஒப்படைக்கும் முறையிலான நெடுஞ்சாலைத் திட்டங்களில் மேற்பார்வையிடுபவருக்குச் ‘சுதந்திரப் பொறியாளர்’ என்று பெயர். அவருடைய கட்டணத்தில் பாதியை, அவர் மேற்பார்வையிட வேண்டிய அதே நிறுவனம் ஏற்க வேண்டும் என்பது மாதிரி ஒப்பந்தத்தின் ஏற்பாடு. இதில் சுதந்திரம் எங்கே இருக்கிறது? பணித்தளத்தில் நிற்கும் இளம் பொறியாளரோ குறைந்த சம்பளத்தில், எந்நேரமும் வெளியேற்றப்படக்கூடிய ஒப்பந்த ஊழியராக இருக்கிறார். கையெழுத்து அவருடையது. வேலையை நிறுத்தும் அதிகாரம் அவரிடம் இல்லை.

மறுத்தவருக்கு என்ன நேர்ந்தது?

‘கையெழுத்திட மறுத்திருக்க வேண்டியதுதானே’ என்று கேட்பவர்கள் சத்யேந்திர துபேயை நினைவுகூர வேண்டும். கான்பூர் ஐஐடியில் சிவில் பொறியியல் கற்றவர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பணியாற்றியவர். தரமற்ற திட்ட அறிக்கைகளையும், பெருநிறுவனங்கள் பெற்ற பணிகள் திறனற்ற சிறு ஒப்பந்ததாரர்களுக்குக் கைமாற்றப்படுவதையும் விவரித்து, 2002 நவம்பரில் அன்றைய பிரதமர் வாஜ்பாயின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தமது பெயரை இரகசியமாக வைத்துக்கொள்ளக் கேட்டிருந்தார். அந்தக் கடிதம் பெயரோடு துறைகளுக்குச் சுற்றுக்கு விடப்பட்டது. 2003 நவம்பர் 27 அதிகாலையில் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியின்போது நடந்த கொலை என்றது சிபிஐ. 2010இல் மூவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் சுட்டிக்காட்டிய ஊழலின் வேர்களைத் தேடும் விசாரணை அந்த வழக்கின் எல்லைக்குள் வரவேயில்லை.

அவருடைய கொலைக்குப் பின் எழுந்த நாடு தழுவிய கோபத்தின் விளைவாகவே, முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டத்துக்கான கோரிக்கை வலுப்பெற்றது. அந்தச் சட்டம் 2014இல் நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. ஆனால் மோடி அரசு அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பை வெளியிடாமலேயே ஆண்டுகளைக் கடத்தியது. உண்மையைச் சொல்லும் பொறியாளரைப் பாதுகாக்காத அரசுக்கு, பொய் சொன்ன பொறியாளரை மட்டும் தண்டிக்கும் தார்மிக உரிமை உண்டா?

மருத்துவருக்குத் தேசிய ஆணையம் உண்டு. வழக்கறிஞருக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமும், கட்டடக்கலைஞருக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. பொறியாளரைப் பதிவு செய்து, நெறி தவறினால் உரிமத்தைப் பறிக்கவும், நெறிப்படி நின்றவரைப் பாதுகாக்கவும் அதிகாரம் கொண்ட தேசிய அளவிலான சட்டம் இல்லை. எனவே தொழில்முறை ஒழுங்கு நடவடிக்கை என்ற நடுப்படியே இல்லாமல், ஒன்று முழு விடுதலை, இல்லையேல் காவல்நிலையம் என்ற நிலை நிலவுகிறது.

ஏழைக்குக் கடுமை, முதலாளிக்குச் சலுகை

ஒன்றிய அரசின் இரட்டை அணுகுமுறையை இங்கே கவனிக்க வேண்டும். புதிய குற்றவியல் சட்டத்தில் கவனக்குறைவுக்கான தண்டனையை ஐந்தாண்டாக உயர்த்திய அதே அரசு, 2023இல் ஜன் விஸ்வாஸ் சட்டத்தின் மூலம் 42 சட்டங்களின் 183 பிரிவுகளைத் திருத்திப் பல குற்றங்களின் சிறைத்தண்டனையை நீக்கியது; அபராதம் கட்டினால் போதும் என்றாக்கியது. ‘தொழில் செய்வதை எளிதாக்குதல்’ என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டத்தை விழுங்கிய பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதில் ஆய்வாளர் என்ற பெயரே ‘ஆய்வாளர் மற்றும் வசதியளிப்பவர்’ என்று மாறிவிட்டது. பெயர் மாற்றத்தில் வர்க்கச் சார்பு வெளிப்படையாகவே தெரிகிறது.

அரசுத்துறை உயர் அதிகாரிகளுக்கு வேறொரு கவசமும் உண்டு. அலுவல் கடமையின்போது செய்த செயலுக்கு வழக்குத் தொடர அரசின் முன்அனுமதி தேவை. புதிய நடைமுறைச் சட்டத்தின் 218ஆம் பிரிவின்படி 120 நாட்களில் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி வழங்கப்பட்டதாகவே கொள்ளலாம் என்பது ஒரு முன்னேற்றம்தான். ஆனால் 120 நாட்களுக்குள் அனுமதியை மறுத்துவிடும் வாய்ப்பு அரசின் கையிலேயே இருக்கிறது.

நிறுவனங்களைப் பொறுத்தவரை இந்தியச் சட்டத்தில் பெரும் வெற்றிடம் நிலவுகிறது. பிரிட்டனில் நிறுவனத்தின் நிர்வாகக் குறைபாட்டால் மரணம் நேர்ந்தால் நிறுவனத்தையே குற்றவாளியாக்கும் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. கனடாவில் 1992இல் வெஸ்ட்ரே சுரங்க வெடிப்பில் 26 தொழிலாளர்கள் மாண்டனர். தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பயனாக, அங்கும் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. முதலாளித்துவ நாடுகளே ஒப்புக்கொண்ட இக்கோட்பாட்டை இங்குள்ள ஆட்சியாளர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆகவேதான் 2016 மார்ச் 31 அன்று கொல்கத்தாவின் விவேகானந்தா சாலை மேம்பாலம் சரிந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, கட்டுமான நிறுவனத்தின் தரப்பிலிருந்து அது ‘கடவுளின் செயல்’ என்று கூற முடிந்தது. மோர்பி வழக்கிலும் நிறுவன மேலாளர் ஒருவர் நீதிமன்றத்தில் கடவுளின் விருப்பத்தையே காரணமாக்கினார். இரும்பு துருப்பிடிப்பதற்கும் சோதனை நடத்தாததற்கும் கடவுளைச் சாட்சிக்கு அழைப்பது, விஞ்ஞானத்தின் மீதும் மாண்டவர்களின் மீதும் இழைக்கப்படும் அவமதிப்பு.

கோரிக்கைகள்

முதலாவது, கட்டமைப்பு விபத்துகளைப் புலனாய்வு செய்யச் சார்பற்ற, சட்டபூர்வமான ஆணையம் வேண்டும். இரயில்வே பாதுகாப்பு ஆணையம் இரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லாமல் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. விசாரிக்கப்படும் துறையே விசாரிக்கக் கூடாது என்ற நியாயம் பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் பொருந்தும். அதன் அறிக்கை குறித்த காலத்துக்குள் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். பொறியாளரின் செயல் தவறா, குற்றமா என்பதை முதலில் அந்த ஆணையத்தின் வல்லுநர்கள் ஆராய வேண்டும்.

இரண்டாவது, குற்றவியல் பொறுப்பு அதிகாரத்தின் அளவுக்கேற்ப அமைய வேண்டும். கெடுவை நிர்ணயித்தவர், செலவைக் குறைத்தவர், எச்சரிக்கையைப் புறக்கணித்தவர், திறப்புவிழாத் தேதியைக் குறித்தவர் ஆகியோரின் பெயர்கள் முதல் தகவல் அறிக்கையிலேயே இடம்பெற வேண்டும். நிறுவனங்களின் குற்றக் கொலைக்கெனத் தனிச் சட்டம் வேண்டும்.

மூன்றாவது, ஆபத்து என்று கருதும்போது வேலையை நிறுத்தும் உரிமை பொறியாளருக்கும் தொழிலாளிக்கும் சட்டப்படி வேண்டும். அதற்காக அவர்களைப் பணிநீக்கம் செய்வது குற்றமாக்கப்பட வேண்டும். 2014ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாகச் செயல்பட வேண்டும்.

நான்காவது, பொறியாளர்களைப் பதிவு செய்யும் தேசியச் சட்டம் வேண்டும். அதன் ஒழுங்குக் குழுவில் தொழிற்சங்கங்களுக்கும் பொதுமக்களுக்கும் பிரதிநிதித்துவம் வேண்டும்.

ஐந்தாவது, பொதுப்பணித் துறைகளின் காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். வடிவமைப்பும் தரக் கட்டுப்பாடும் மீண்டும் அரசின் நேரடிப் பொறுப்புக்கு வர வேண்டும்.

தோழர்களே, பொறியாளரும் கொத்தனாரும் சித்தாளும் ஒரே பணித்தளத்தில் நிற்கிறார்கள். முட்டு எடுக்கும் நாளைப் பற்றிச் சித்தாளுக்கு இருக்கும் அச்சமும், பதிவேட்டில் கையெழுத்திடும்போது இளம் பொறியாளருக்கு இருக்கும் அச்சமும் வேறு வேறு அல்ல. இரண்டும் ஒரே இலாபக் கணக்கிலிருந்து பிறந்தவை. பொறியாளர் தம்மை நிர்வாகத்தின் நிழலாகக் கருதும்வரை, விபத்து நேரும் நாளில் நிர்வாகம் அவரைத்தான் முன்னால் தள்ளும். தொழிலாளர்களோடு சேர்ந்து நின்று ‘இந்த வேலை பாதுகாப்பற்றது, நிறுத்து’ என்று சொல்லும் அமைப்புப் பலம் அவருக்கு வாய்க்குமானால், குற்றவியல் பொறுப்பைக் கண்டு அவர் அஞ்ச வேண்டியதில்லை. அந்தப் பலத்தை ஒவ்வொரு பணித்தளத்திலும் கட்டியெழுப்புவது தொழிற்சங்க இயக்கத்தின் உடனடிக் கடமை.